பரமேஸ்வரி பூட்டிய பிண்டுங்

பரமேஸ்வரி பூட்டிய பிண்டுங் பனியில் கழன்றதாகச் சரித்திரமே இல்லை. எங்கல்பெர்க் என்ற மலையூரில் பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றின் நிலவறையில் அவள் ஆறு வருடமாக வேலை செய்கிறாள். ஈரச் சப்பாத்துகளைக் காயவைக்கத்தான் அவளை எடுத்தார்கள். சும்மா இருக்காத கை. பலகையோடு சப்பாத்தைப் பூட்டும் பிண்டுங் என்கிற அந்த இரும்புச் சாமானைக் கழற்றி, மாட்டி, திருகி, கடைசியில் கடை முதலாளி தன் சொந்தப் பலகையைக்கூட அவளிடம் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பக்கத்து நகரான லுசேர்ணில் இது தெரியாத தமிழ்ச் சனம் கிடையாது. தெரியாமல் இருக்க அவள் விட்டதுமில்லை.

அவளுடைய ஒரே மகள் பவதாரணிக்குப் பதினாறு வயது. மற்றப் பிள்ளைகள் மெத்தென்ற சப்பாத்தோடு ஸ்னோபோர்டில் ஏறிக் குதித்து விளையாட, இவளுக்குப் பிடித்ததோ இரண்டு காலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டுகிற ஒடுங்கிய நீளப் பலகையும், முழங்காலுக்குக் கீழே கல் மாதிரி இறுகிய பிளாஸ்டிக் சப்பாத்தும், கம்பங்களைச் சுற்றிச் சாய்ந்து சாய்ந்து நேரத்தோடு ஓடுகிற பந்தயமும். 2007 மார்ச்சில் பிராந்திய அணிக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு ஓட்டம், இரண்டு நேரத்தையும் கூட்டி முதல் மூன்று பெண்கள் உள்ளே. மற்றவர்களுக்கு வீடு. அடுத்த வருடம் பவதாரணிக்கு வயது கடந்துவிடும். இன்று இல்லையென்றால் ஆவணியில் பல் வைத்தியரிடம் தொழில் பழகப் போகவேண்டியதுதான். பலகை சாமானறைக்குப் போகும்.

முதல் ஓட்டத்தில் அவள் நான்காவதாக வந்தாள். மூன்றாவதுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு கண்வெட்டு.

"முன்கால் கொஞ்சம் தளம்புது அம்மா," என்று சொல்லிக்கொண்டு தாய் நின்ற இடத்து வாங்கில் வந்து இருந்தாள்.

பரமேஸ்வரி ஆறுமூலைச் சாவியை எடுத்துக்கொண்டு பனியில் முழங்கால் ஊன்றினாள். தளம்பல் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல, இரண்டு வருடத்துக் கதை. பலகையின் நடு அகலம் பத்தொன்பது சென்டிமீற்றர்தான். சப்பாத்தின் நுனியும் குதியும் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு, நன்றாகச் சாயும்போது பனியில் உரசி மகளை விழுத்தின. ஆகவே பரமேஸ்வரி பிண்டுங்கின் தட்டைத் திருப்பிப் பாதத்தை முன்பக்கம் பார்க்க வைத்தாள். உரசல் நின்றது, மகளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இடுப்புக்காகப் பின்கால் குதிக்குக் கீழே ஆப்பு வைத்தாள், முழங்கால் நொந்தது. முழங்காலுக்காக இரண்டு பிண்டுங்கையும் ஒரு துளை தள்ளிப் பூட்டினாள், திரும்பவும் தளம்பல். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று பல்லைக் காட்டும். ஆனாலும் அவள் விட்டாளா? ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாடு முடிந்த கையோடு குசினி நிலத்தில் பலகையைக் கிடத்திவிடுவாள். "உன்ர கொம்மா கப்பலே கட்டியிருப்பா," என்று புருசன் சிவலிங்கம் மகளைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

இப்போது திருகாணி எல்லாம் இறுக்கம். தட்டு அசையவில்லை. சப்பாத்தின் நுனியை இறுக்கும் நெம்பியை மடக்கினாள், டக்கென்று பூட்டியது. இதிலே பிழை பிடிக்க அவளுக்கே ஒன்றும் அகப்படவில்லை.

"சப்பாத்தைக் கழற்று பிள்ளை, பாப்பம்."

"வேண்டாம் அம்மா. நேரமில்லை."

"கழற்று எண்டுறன்."

பவதாரணி கழற்றாமல் இருந்தாள். தாய்தான் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்து இழுத்தாள். இரண்டு சோடி காலுறை. உள்ளுறையின் குதி சிவந்து ஈரமாக இருந்தது. தோல் ஒரு காசளவுக்கு உரிந்திருந்தது. பரமேஸ்வரி காலைத் திரும்பச் சப்பாத்துக்குள் விட்டுக் குதிக்குப் பின்னால் தன் விரலை நுழைத்தாள். விரல் அடிவரைக்கும் போனது. இன்னொரு விரலுக்கும் அங்கே இடம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், பழைய சாமான் சந்தையில், மகளின் கால் அளவு முப்பத்தெட்டு. விற்றவன் முப்பத்தெட்டைத்தான் எடுத்துக் கொடுத்தான், இந்தச் சப்பாத்து கையுறை மாதிரிப் பிடிக்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னான். பரமேஸ்வரி கேட்டால்தானே! "வளருற பிள்ளை" என்று நாற்பதை எடுத்தாள். யாழ்ப்பாணத்துத் தாய் எவள் பிள்ளைக்கு அளவான சப்பாத்து வாங்கியிருக்கிறாள்? சட்டையென்றால் மடித்துத் தைக்கலாம், பிறகு பிரித்துவிடலாம். கல்லுச் சப்பாத்தை என்ன செய்வது? அன்று அவளுடைய கவனம் எல்லாம் பிண்டுங்கில். மிதித்தால் தானாகப் பூட்டுகிற வகை ஒன்று, கையால் நெம்பி மடக்குகிற வகை ஒன்று. "கண்ணுக்குத் தெரியாமல் பூட்டுறதை நான் நம்பமாட்டன்" என்று ஒரு மணித்தியாலம் நின்று நெம்பி வகையைத் தெரிந்தெடுத்தாள். நல்ல தெரிவுதான். சப்பாத்துக்கு மட்டும் அரை நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை, பாவி மனுசி. பிள்ளையின் காலோ அதற்குப் பிறகு வளரவேயில்லை.

"அம்மாளாச்சி," என்றாள். விரலை உருவிக்கொண்டு எழும்பினாள்.

இரண்டாவது ஓட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடம். கடை கீழே பள்ளத்தாக்கில். இறங்கி ஏறவே ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். அங்கே இருப்பதும் இந்தப் பந்தயத்துக்கு உதவாத சப்பாத்து. பரமேஸ்வரி வாங்கு வாங்காக ஓடினாள். முதல் ஓட்டத்திலேயே கம்பத்தைத் தவறவிட்டு வெளியேறிய ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவளிடம் போய்ச் சப்பாத்தைக் கேட்டாள், வெட்கத்தைப் பார்க்கிற நேரமா? அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, உடனே கழற்றிக் கொடுத்தது. நாற்பத்திரண்டு. முப்பத்தெட்டு மட்டும் ஒன்று கிடைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அந்த அளவுக்குப் பிண்டுங்கை ஒடுக்கிப் பூட்டித் தந்திருப்பாள். உலகத்தில் அவளுக்குத் தெரிந்த வேலை அது. கையில் சாவி இருந்தது, திருகுவதற்குத்தான் ஒன்றுமில்லை.

திரும்பி வந்தபோது பவதாரணி கொக்கிகளை எல்லாம் இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"போகாதை பிள்ளை. கால் புண்ணாப் போச்சு."

"போட்டு வாறன் அம்மா," என்று சிரித்தாள்.

பரமேஸ்வரி ஓட்டப் பாதையோர வலைக்கு வெளியே நின்றாள். மேலே மகள் புறப்படுவது ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. முதல் ஏழு கம்பம் வெண்ணெயில் கத்தி போனமாதிரிப் போனாள். பக்கத்தில் நின்றவர்கள் கத்தினார்கள். எட்டாவதில் சப்பாத்துக்குள் குதி மேலே எழும்பியிருக்கவேண்டும். பலகை ஒரு கணம் பிந்தித் திரும்பியது, வழுக்கியது, பிள்ளையின் கை பனியைத் தொட்டது. விழவில்லை. எழும்பி மிச்சத்தையும் ஓடி முடித்தாள். தாய் அந்த எட்டாவது கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், இனிப் பார்த்து என்ன? அறிவிப்புப் பலகையில் நேரம் விழுந்தது. கூட்டிப் பார்த்தாலும் நான்காவது.

அவளால் பொறுக்க முடியவில்லை. எல்லைக்கோட்டில் முன்கால் இன்னும் பூட்டியபடியே நின்ற மகளிடம் ஓடினாள். பயிற்சியாளர் உர்ஸ் ஏற்கெனவே அங்கே வந்து பிள்ளையின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். பரமேஸ்வரி தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனை எல்லாம் வாரிக் கொட்டினாள். சப்பாத்து பெரிது. வாங்கினது நான். பிழை என்னுடையது. பிள்ளையில் பிழையில்லை, அவளை எடுங்கள்.

உர்ஸ் அவளுக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார்.

"சப்பாத்து பெரிதென்று எனக்குத் தெரியும். போன வருடமே உங்களுக்குக் கடிதம் எழுதிப் பவதாரணியிடம் கொடுத்தேன். கிளப்பில் முப்பத்தெட்டு ஒரு சோடி சும்மா கிடந்தது. 'வேண்டாம், அம்மா பிண்டுங்கைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்' என்று சொன்னாள்."

அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மற்றப் பிள்ளைகளிடம் போனார். மூன்று பேரின் பெயரையும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்.

"கடிதம் எங்கயடி?" என்றாள் பரமேஸ்வரி.

பவதாரணி பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்னெண்டு அம்மா தாறது? ஒவ்வொரு ஞாயிறும் குசினிக்குள்ள குந்திக்கொண்டு இருப்பியள். 'இந்த முறை சரிவரும் பிள்ளை' எண்டு சொல்லுவியள். அப்ப உங்கட முகத்தைப் பாக்கவேணும்."

பரமேஸ்வரி ஏதாவது செய்யவேண்டுமே என்று குனிந்து மகளின் காலைக் கழற்ற நெம்பியைப் பிடித்தாள். இரண்டு தரம் இழுத்தும் திறக்கவில்லை. பவதாரணி குனிந்து, தாயின் விரல்களை மெல்ல விலக்கிவிட்டு, தானே திறந்துகொண்டாள்.