இணைப்பு மூன்று: ஒரு சாண் துணி

1.

ஒரு கண்ணின் விலை இரண்டு லட்சம். இரண்டு கண்ணும் போனால் நாலு லட்சம் என்று அவசரப்பட்டுக் கணக்குப் போடாதீர்கள், மூன்றரைதான். மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி. வலது கைக் கட்டைவிரல் அறுபதாயிரம், இடது கைக்கு நாற்பது. முழு ஆள் ஆறு லட்சம்.

இந்த விலைப்பட்டியலைப் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கினேன். வணக்கம் சொல்வதற்கு முன்பே ‘கடைசி விலை என்ன?’ என்று கேட்கிற குடும்பத்தில் வளர்ந்தவன் நான். புதுத் தாளில் கதை எழுதினால் கை கூசும். ஒரு பக்கம் அச்சான தாள் என்றால் மறுபக்கம் எனக்குச் சும்மா வந்தது மாதிரி. அப்படி வாங்கிய கட்டுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றுக்குச் சாரம் கட்டித் தருவதற்கான ஒப்பந்தம்; மேலே சொன்ன விலையெல்லாம் அதன் விபத்து நஷ்டஈட்டுப் பட்டியல். அதில் ஒரு பக்கத்துக்கு ‘இணைப்பு மூன்று’ என்று தலைப்பு. அதற்குக் கீழே ஓர் எழுத்தும் கிடையாது. மேலே ஸ்டேப்ளர் ஊசியின் துளை இரண்டு, கீழே இரண்டு. மேல் துளையில் மட்டும் ஒரு சிவப்பு நூல் சிக்கியிருந்தது.

கையெழுத்துப் பக்கத்தைக் காணோம்.

கதை பிறந்தது அந்த நூலில்தான். தாளுக்குக் கொடுத்த காசில் அதுவும் அடக்கம்.

2.

முதல் தொடக்கம்: “ஒன்பதாவது மாடியில் காற்று வேறு மொழி பேசும்.” அடித்துவிட்டேன். காற்றைப் பேசவிட்டால் அடுத்த பக்கத்தில் கட்டடம் அழ ஆரம்பித்துவிடும்.

இரண்டாம் தொடக்கம்: “அவன் விழுந்தபோது அவள் டீயை ஆற்றிக்கொண்டு

இதை அடிக்கவில்லை. நீங்கள் பார்க்கட்டும் என்றே பாதியில் விட்டிருக்கிறேன். சாரம் என்று எழுதியதுமே பேனா ஒரு ஆளைத் தள்ளிவிடப் பார்க்கிறது. ஒருவனை ஏற்றுவது, தள்ளுவது, வாசகரை அழவைப்பது. கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்குகிற சரக்கு மாதிரி, கேட்காமலே விற்கும். எனக்கு அந்த வியாபாரம் வேண்டாம். அதனால் நமக்குள் ஒரு ஷரத்து போட்டுக்கொள்வோம்.

(ஷரத்து 1: இந்தக் கதையில் நான் எழுதும் எந்த வரியிலும் யாரும் சாரத்திலிருந்து விழமாட்டார்கள். மீறினால் நஷ்டஈடு உண்டு. அதன் உச்சவரம்பு, நீங்கள் இதைப் படிக்கக் கொடுத்த விலை. இரவல் வாங்கிப் படிப்பவர்கள் என்னை எதுவும் கேட்க முடியாது.)

3.

அவளை எல்லோரும் சாரக்காரம்மா என்றே அழைத்தார்கள். ஒரு கொட்டகை நிறைய இரும்புக் குழாயும் கவ்வியும் நடைபலகையும் அவள் சொத்து. அடுத்தவர் குழாயோடு கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு குழாயின் முனையிலும் நீல வளையம் அடித்திருப்பாள். ஆள் பதினொரு பேர். அதில் ஒருவன் கூடப்பிறந்த தம்பி. குத்துக்குழாயில் அவன் ஏறுகிற அழகைப் பார்த்து ஓணான் என்று பேர் விழுந்துவிட்டது.

அவர்களுக்குள் ஒரு பழக்கம். சாரத்தின் உச்சியில் ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். ஒரு முனைதான் கட்டு, மறுமுனை காற்றுக்கு. துணி தொங்கினால் வேலை. படபடத்தால் பார்த்து வேலை. விறைத்து நீட்டிக்கொண்டு நின்றால் எல்லோரும் கீழே. யாரும் யாரையும் கேட்கக் கூடாது. உச்சியில் நிற்பவன் துணியை அவிழ்த்துக்கொண்டு கடைசியாக இறங்க வேண்டும்; துணி தரைக்கு வந்தால்தான் மேலே ஆளில்லை என்று அர்த்தம். கீழே அவள் நோட்டோடு நிற்பாள். இடப்பக்கம் ஏறியது, வலப்பக்கம் இறங்கியது. இரண்டும் ஒத்துவராமல் ஒருநாளும் கொட்டகையைப் பூட்டியதில்லை.

அந்தப் பழக்கத்தை ஒரே ஒரு முறை மீறியவள் அவளேதான். போன கட்டடம். கெடு முடிய ஒருநாள் இருந்தது. தாமதமானால் நாளொன்றுக்கு இருபதாயிரம் அபராதம். துணி விறைத்துவிட்டது. அவள் கீழே நின்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்: அஞ்சு நிமிஷம். அக்கா சொன்னால் ஓணான் கேட்பான். அஞ்சு நிமிஷம் நாற்பதாகிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் இறங்கி வந்தான். ஆனால் குழாயைப் பிடித்திருந்த கை, குழாயை விட்ட பிறகும் பிடித்தபடியே இருந்தது. அவள் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

“என்னக்கா, எண்ணிப் பாக்கிறியா? எல்லாம் இருக்கு” என்றான்.

அன்றைக்கும் நோட்டில் இரண்டு பக்கமும் சரியாகவே வந்தது. அதுதான் அவளை உறங்கவிடவில்லை.

(யாரும் விழவில்லை, கவனித்தீர்களா? ஷரத்தைக் காப்பாற்றிவிட்டேன்.)

4.

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். தாண்டிப் போனால் நஷ்டம் உங்களுக்கு.

ஒப்பந்தம் என்பது நல்லது நடக்கும் என்று எழுதிக்கொள்வது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நல்லதுக்கு ஒரு பக்கம் போதும். மீதி இருபது பக்கமும் கெட்டது நடந்தால் அது யார் வீட்டுத் திண்டாட்டம் என்று முன்கூட்டியே பாகம் பிரிப்பதுதான். என் அப்பா கண்ணாடிச் சாமான் வியாபாரி. உடைசல் யார் தலையில் என்று தகராறு வந்தால் ஒரே கேள்விதான் கேட்பார்: “வண்டிய ஓட்டினது யாரு?” ஓட்டியவன் பேரைச் சொன்னதும் இன்னொன்று: “வேகமாப் போன்னு பக்கத்துல உக்காந்து சொன்னது யாரு?” தடுக்க முடிந்தவன் தலையில்தான் இடரை வைக்க வேண்டும். இதைச் சட்டப் புத்தகங்கள் அறுநூறு பக்கத்தில் சொல்கின்றன. எங்கள் கடையில் டீ வருவதற்குள் முடிந்துவிடும்.

சாரக்காரம்மாவிடம் வந்த ஒப்பந்தத்தில் மூன்று ஷரத்துகள் ஒன்றையொன்று கண்ணடித்துக்கொண்டிருந்தன. பதினாலு: எது நடந்தாலும், யார் தவறானாலும், இழப்பு முழுவதும் சாரம் கட்டுபவருடையது. பதினேழு: தாமதத்துக்கு நாளொன்றுக்கு முப்பதாயிரம். பத்தொன்பது: காற்றுக்காக வேலையை நிறுத்தலாம், வானிலை நிலையத்தின் அளவுமானி மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் காட்டினால் மட்டும். நிலையமோ பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, பொட்டல் வெளியில், தரையில் இருந்தது.

அதாவது ஓட்டுகிறவன் தலையில் உடைசல். வேகத்தைச் சொல்லும் உரிமை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு.

கையெழுத்தாகும் முன்பே வேலை தொடங்குவது இந்தத் தொழிலில் சகஜம். நிபந்தனைகளெல்லாம் ஒப்பந்தப்படி என்று ஒரு கடிதம் கொடுப்பார்கள். அதை நம்பிச் சாரம் ஆறாவது மாடி வரை ஏறிவிட்டது. அதற்கு முன் நாலு மாதம் அவள் குழாய்கள் சும்மா கிடந்தன. இந்த வேலையும் போனால் கொட்டகையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

5.

கட்டடக்காரர்களின் ஒப்பந்த அதிகாரியை வேலையிடத்தில் ‘ஷரத்து சார்’ என்பார்கள். அவருக்கு முதல் வரைவில் தங்கப் பல்லும் எண்ணெய் வழிகிற சிரிப்பும் கொடுத்திருந்தேன். பிடுங்கிவிட்டேன். வில்லன் விற்பனைக்கு எளிது, நம்புவதற்குக் கடினம். இப்போது இருப்பவருக்குத் தகரக் கேபினில் ஒரு மேஜை விசிறி, கழுத்தில் ஒரு ஈரத் துண்டு. முன்னொரு காலத்தில் யாரோ கேட்டார்கள் என்று வாய்மொழியாக வேலையை நிறுத்தச் சொல்லி, ஒரு வருடச் சம்பள உயர்வை இழந்தவர். அன்றிலிருந்து எழுத்தைத் தவிர எதையும் நம்புவதில்லை.

“பதினால அடிச்சிடுங்க சார்” என்று ஆரம்பித்தாள்.

“அம்மா, பதினாலு எங்க முதலாளியோட மூச்சு. அதை எடுத்தா என்னையும் எடுத்துடுவாங்க. வேணும்னா ரேட்ல அஞ்சு பர்சென்ட் ஏத்திக்குங்க. ரிஸ்க்குக்கு.”

அவள் நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். “பதினொரு பேரு. அஞ்சு பர்சென்ட்னா அரை ஆளுக்குக் கொஞ்சம் மேல வருது. யாரோட அரைன்னு நீங்களே டிக் பண்ணுங்க. மேல் பாதியா, கீழ் பாதியா?”

ஷரத்து சார் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “அப்ப என்னதான்மா வேணும்?”

(இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். முதலில் கேட்பது விட்டுக்கொடுப்பதற்காக. பேரம் தெரிந்தவர்களுக்கு இது பால்பாடம்.)

“பதினாலு இருந்துட்டுப் போகட்டும். பத்தொம்பதுல கை வைங்க.” இடுப்பிலிருந்து துணியை எடுத்து மேஜையில் போட்டாள்.

“என்னது இது?”

“துணி சார்.”

“துணின்னு எனக்கும் தெரியுது. நாளைக்குக் கோர்ட்ல போய் துணி ஆடுச்சு ஐயான்னு சொல்லவா?”

“அங்க பொட்டல்ல நிக்கிற மீட்டரு மேல காத்தடிச்சா, இங்க ஒம்பதாம் மாடியில எங்காளு சட்டை பறக்குமா சார்?”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “சரி, வெச்சுக்குவோம். துணி வெறச்சிருச்சுன்னு யாரு முடிவு பண்றது? நீங்களா?”

முந்தைய வரைவுகளில் அவள் இதற்குப் பட்டென்று பதில் சொன்னாள். இதில் முதலில் நோட்டை மூடினாள். மேஜை விசிறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை திரும்பி முடித்தது.

“நான் இல்ல. கீழ நிக்கிற யாருமே இல்ல. நான் ஒருதடவ முடிவு பண்ணிப் பாத்துட்டேன். உச்சியில நிக்கிறவன்தான் சொல்லணும். அவன் சொல்லிட்டா நானும் மறுத்துப் பேசக் கூடாதுன்னு சேத்து எழுதுங்க.”

“டீ குடிக்க இறங்கிட்டுக் காத்தும்பான்.”

“அப்படி இறங்கினா அன்னிக்குக் கூலி மொத்தமும் என் தலையில. விழுந்தா நஷ்டம் என்னுதுன்னு நீங்க எழுதினதும் என் தலையிலயே இருக்கட்டும். இறங்குற உரிமைய மட்டும் அவனுக்குக் குடுங்க.”

“வேலியில போற ஓணான மடியில கட்டிக்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறீங்களேம்மா!”

“ஓணான் என் தம்பி சார். மடியிலதான் வளந்தான்.”

6.

எழுதலாம் என்றதும் எப்படி எழுதுவது என்று அடுத்த சிக்கல். என்ன எடை? பருத்தியா, கலப்பா? புதுசா, வெளுத்ததா? ஷரத்து சார் நாலு முறை எழுதி நாலு முறை கிழித்தார். கடைசியில் துணியையே வைத்துவிடலாம் என்று ஒரு வெள்ளைத் தாள் எடுத்தார். ‘இணைப்பு மூன்று’ என்று தலைப்பிட்டார். துணியை நீவி, தொலைந்துவிடக் கூடாதே என்று மேலே ஓர் ஊசி, கீழே ஓர் ஊசி அடித்தார்.

“கீழ் ஊசிய எடுங்க சார்.”

“பிச்சிக்கும்மா.”

“ரெண்டு பக்கமும் அடிச்சா அப்புறம் அது எப்படி எந்திரிக்கும்?”

அவர் அவளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். நகத்தால் நெம்பிக் கீழ் ஊசியை எடுத்தார். விசிறி அந்தப் பக்கம் திரும்பியபோது துணி தாளை விட்டு எழுந்து நின்றது. விசிறி போனதும் படுத்துக்கொண்டது.

“தலைமை ஆபீஸ் ஒத்துக்கணும்” என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. “வியாழக்கிழமை சொல்றேன்.”

வெளியே ஓணான் காத்திருந்தான். “கையெழுத்தப் போட்டுட்டு வாக்கான்னு அனுப்பினா, துணியக் குடுத்துட்டு வர்ற! இதுவும் போச்சுன்னா?”

“போனா போகட்டும்.”

“நாங்க பாத்து இறங்க மாட்டமா? எதுக்கு இத்தன பிடிவாதம்?”

“கைய விரிச்சுக் காட்டு.”

காட்டினான். நாலு விரல் நிமிர்ந்தது. சுண்டுவிரல் பாதியில் நின்றது.

(பட்டியலில் சுண்டுவிரலுக்கு விலை இல்லை. இரண்டு முறை தேடிவிட்டேன்.)

7.

இனி முடிவு. கையிருப்பில் மூன்று இருக்கின்றன.

அ) தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டது. நல்ல முடிவு. ஆனால் அப்படியானால் துணியைப் பிய்த்தது யார்?

ஆ) ஒப்புக்கொள்ளவில்லை. இணைப்பைக் கிழிக்கச் சொன்னார்கள். அவள் நீல வளையக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனாள். இவளை எனக்குத் தெரியும், செய்யக்கூடியவள்தான். ஆனால் கொட்டகை வாடகைக்கு நான் எங்கே போவேன்?

இ) ஷரத்து சாரே துணியை எடுத்துத் தன் மேஜை விசிறியின் கம்பியில் முடிந்து, அது எழுந்து எழுந்து விழுவதைப் பார்த்தபடி

வேண்டாம். சர்க்கரை கூடிவிட்டது.

பழைய பேப்பர் கடைக்கே போய், அந்தக் கட்டின் கடைசிப் பக்கம் கிடைக்குமா என்று கேட்டேன். “குடோன்ல எங்கயாச்சும் இருக்கும். மொத்தக் குடோனையும் எடுத்துக்குங்க, பாத்துப் போட்டுத் தர்றேன்” என்றார் கடைக்காரர். எங்கள் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியவர்.

8.

ஆகவே வியாழக்கிழமைக்குப் போகவில்லை. புதன்கிழமையே போதும்.

புதன் பிற்பகல், ஏழாவது மாடி. புதிதாக வெட்டிய துணி உச்சியில். முதலில் தொங்கியது. அப்புறம் படபடத்தது. மூன்றரை மணிக்கு ஒரே வீச்சில் நீண்டு, இரும்புத் தகடு மாதிரி நின்றது.

“இறங்கு!” என்று மேலிருந்து ஓணானின் குரல்.

கேபின் கதவு திறந்தது. “அம்மா! இன்னும் கையெழுத்தாகல. மீட்டர் முப்பத்தெட்டுதான் காட்டுது. இறங்கினா அபராதம் விழும், நான் எழுதித்தான் ஆகணும்!”

“எழுதிக்குங்க சார்” என்றாள், அவரைத் திரும்பிப் பார்க்காமல். நோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், ஒரு விரல்கூட விரியாதபடி. பேனாவைப் பல்லில் கடித்திருந்தாள்.

ஒருவர் இறங்கினார். இருவர். மூவர். பலகைகள் அதிர்ந்தன, நீல வளையக் குழாய்கள் கடகடத்தன. பத்தாவது ஆளும் தரையைத் தொட்டான். மேலே ஓணான் மட்டும். துணியை அவிழ்க்கிறான். முடிச்சு இறுகிவிட்டது, சுண்டுவிரல் ஒத்துழைக்கவில்லை. கையெழுத்து ஆகுமா ஆகாதா என்று அவனுக்குத் தெரியாது, துணிக்கும் தெரியாது. முடிச்சு

இங்கே நிறுத்துகிறேன். ஷரத்து 1 இன்னும் செல்லும்: நான் எழுதிய எந்த வரியிலும் யாரும் விழவில்லை. அதைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி, எழுதுவதை விடுவது. இனி வரும் வரிகள் உங்கள் கைக்கு மாறுகின்றன, அவற்றின் இடரும் சேர்த்து. அவனைத் தரைக்குக் கொண்டுவாருங்கள். துணியோடு வருவானா, விட்டுவிட்டு வருவானா என்பதை அவனே முடிவு செய்யட்டும். நீங்கள் கீழே நிற்கிறீர்கள், விரலைக் காட்டாதீர்கள்.

நோட்டை இந்த நிலையில் ஒப்படைக்கிறேன்:

ஏறியது: பதினொன்று.
இறங்கியது: பத்து.
பாக்கி: ஒன்று.