மேற்குச் சுவர்

கணவன் ஏணியிலிருந்து விழுந்து செத்த பிறகு, மேற்குச் சுவர்ப் பக்கம் யாரும் போகவில்லை. அவன் அடைத்தது போக மிச்சமிருந்த விரிசல்கள் அப்படியே கிடந்தன. மழைக்காலம் வந்ததும் அவை வேலையைக் காட்டின. மாமியார் படுக்கும் அறையில் சுவர் ஊறி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உதிர்ந்தது. அவள் விடிய விடிய இருமினாள்.

வீட்டில் இப்போது மாமியாரும் மருமகளும் மட்டும்தான். மருமகளுக்கு ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. இருவரும் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிவிட்டது. "சாப்பிட்டீங்களா?", "ஆச்சு" என்பதோடு சரி.

எதையும் தள்ளிப்போடுவதில் அவள் கணவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயரே 'நாளைக்கு'. அவன் விழுந்த அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏணியில ஏற பயமா இருந்தா சொல்லுங்க, நானே ஏறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியத்துக்குள் ஆள் இல்லை. சுவருக்குத் தெளித்த தண்ணீரில் ஈரமாகியிருந்த தரையில் ஏணியின் கால் வழுக்கி, பின்மண்டை படி விளிம்பில் அடித்திருந்தது. அவள் சொன்ன வார்த்தை எப்படியோ நாத்தனார் காதுக்கு எட்டிவிட்டது. பிணத்தை வைத்துக்கொண்டே, எல்லோர் முன்னாலும், "எங்க அண்ணன நீங்கதான் கொன்னீங்க அண்ணி" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். தான்தான் கொன்றோம் என்று அவளுக்கே தோன்றியிருந்தது.

கொத்தனாரிடம் சொல்லிப் பார்த்தாள். இவ்வளவு சின்ன வேலைக்கு அவர் வருவதாக இல்லை. மழை விட்டுச் சுவர் காய்ந்த ஒரு விடுமுறை நாளில், ஏணியை அவளே இழுத்து வந்து சாத்தினாள்.

மயிரிழை போலத்தான் இருந்தன விரிசல்கள். பூச்சுத் தகட்டின் முனையால் கீறி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் அகலமாக்கினாள். தட்டிப் பார்த்து, பொக்கென்று சத்தம் வந்த இடத்தில் பூச்சைப் பெயர்த்தாள். கம்பி பிரஷ்ஷால் தூசியைத் தேய்த்துத் தள்ளி, தண்ணீர் தெளித்து, சிமென்ட் கலவையை விரலால் ஆழ அழுத்தினாள். மூன்றாவது விரிசலுக்குப் போகும்போது ஏணி லேசாக ஆடி, சட்டென்று நின்றது. குனிந்து பார்த்தாள். மாமியார் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க உள்ள போங்க அத்தை. முட்டி வலிக்கும்."

"வலிக்கட்டும்."

மருமகள் மூன்றாவது விரிசலில் கலவையை அழுத்தத் தொடங்கினாள். பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

"அன்னைக்கு அவன் என்னைத்தான் கூப்பிட்டான். 'அம்மா, ஏணி ஆடுது, வந்து பிடி'ன்னு. வரேன் இருடான்னேன். டீ ஆறிடுமேன்னு குடிச்சிட்டு எழுந்தேன்."

 மருமகளால் உடனே இறங்க முடியவில்லை. கலவை இறுகுவதற்குள் கையிலிருந்ததைப் பூசி, ஈர ஸ்பஞ்சால் மெழுகிவிட்டுத்தான் இறங்கினாள்.

"உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. இப்பவே. என் முன்னாடி."

மாமியார் மறுக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுமுனையில் நாத்தனார் கொஞ்சம் அழுதாள். பிறகு, "உனக்குத்தான் முட்டி வலியாச்சே, நீ என்னம்மா பண்ணுவ? மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்றாள்.

"அப்ப உங்க அண்ணிய ஏன்டி அந்தப் பேச்சு பேசின?"

"அம்மா, இங்க சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசுறேன்."

போன் நின்றது. மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது அழுகையாக மாறி, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொன்னா நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயம்" என்றாள் மாமியார்.

"அவர் கூப்பிட்டப்ப நீங்க உடனே எழுந்திருக்கலங்கிறதுக்காக நான் போயிருக்க மாட்டேன் அத்தை. யாருக்கும் நடக்கும் அது. ஆனா அத்தனை பேர் முன்னாடி உங்க பொண்ணு என்னை அப்படிச் சொன்னப்ப, நீங்க வாயத் திறக்கல பாருங்க... அத என்னால விழுங்க முடியல."



மீதி விரிசல்களையும் அடைத்து, பூச்சு காயாமல் காலையும் மாலையும் நனைத்து, கடைசியில் பெயின்டும் அடித்துவிட்டுத்தான் மருமகள் ஓய்ந்தாள். அடுத்த மழையில் அறைக்குள் ஒரு சொட்டு ஈரம் வரவில்லை. அதைப் பார்த்த பிறகு, தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டாள். "அம்மாவ வந்து கூட்டிட்டுப் போங்க" என்று நாத்தனாருக்குத் தகவல் சொன்னாள். நாத்தனார் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள்.

கிளம்பும் நாளில் மாமியார் வாசல்வரை வந்து நின்றாள். பைகளைக் கையில் எடுத்துக்கொண்ட மருமகளுக்கு, "போயிட்டு வரேன்" என்ற வழக்கமான சொல் தொண்டைவரை வந்தது. அதை அவள் சொல்லவில்லை.

"கிளம்புறேன் அத்தை" என்றாள்.