ஜி.டி. என்றொரு கட்டம்

மூன்று தடவை படித்துவிட்டேன். பலகையில் முதல் பெயர் செல்லூர் அணி. இரண்டாவது காளவாசல் அணி, அதாவது நாங்கள்.

இரண்டு பேருக்கும் ஒன்பது பாயிண்ட். பாயிண்ட் சமமாக இருந்தால் மறுபடி ஒரு ஆட்டம் வைப்பார்கள். திருவிழாப் பந்தயங்களில் அப்படித்தான் ஆடிப் பழகியிருக்கிறோம். அந்த ஆட்டம் என்றைக்கு என்று கேட்கத்தான் நானும் முத்துக்கருப்பனும் காலையிலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு கால்பந்துச் சங்க ஆபீசுக்கு வந்திருந்தோம்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. ஜெயிக்கிற அணியிலிருந்து ஒருவரை எடுத்து வேலை கொடுப்பதாக ஒரு மில் அறிவித்திருந்தது. எங்கள் அணியில் அந்த ஒருவர் முத்துக்கருப்பன்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பதினாலு கோலில் ஒன்பது அவன் அடித்தது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். மில்லில் சேர இருபத்தைந்து வயது தாண்டக்கூடாது. அவனுக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது.

"மறு ஆட்டமா? அதான் ஜி.டி. போட்டிருக்கே" என்றார் ஜனகராஜ் அண்ணன். சங்கத்தின் செயலாளர்.

"என்ன ஜி.டி.? நீங்க செல்லூர்க்காரரு. ஒங்க ஏரியாப் பயலுகளத் தூக்கி மேல போட்டுட்டீகளாக்கும்" என்றேன். எனக்கு நாக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும்.

அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து பலகையில் விரலை வைத்தார். "இந்தா பாரு நல்லகாமா. ஜி.எஃப்.னா நீங்க போட்ட கோலு, பதினாலு. ஜி.ஏ.ன்னா நீங்க வாங்குனது, ஆறு. கழிச்சா எட்டு. அதுதான் ஜி.டி., கோல் டிபரன்ஸ். செல்லூரு போட்டது பன்னெண்டு, வாங்குனது மூணு. கழிச்சா ஒம்பது. பாயிண்ட் சமமா இருந்தா ஜி.டி. கூட இருக்கவங்களுக்குத்தான் கப்பு."

"அதிகமா கோல் போட்டது நாங்கதானண்ணே."

"இன்னும் ஒரே ஒரு கோல் போட்டிருந்தா ஜி.டி.யும் சமமாயிருக்கும். அப்ப அதிகமாப் போட்டவங்க பக்கம் போயிருக்கும் கப்பு. மொத நாளே விதியெல்லாம் தாள்ல அடிச்சு ஒட்டியிருக்கோமே, படிக்கலையா?"

இரண்டு மாதமாக வாரம் தவறாமல் இந்தப் பலகையின் முன்னால் வந்து நின்றிருக்கிறேன். பாயிண்டை மட்டும் பார்ப்பேன், போய்விடுவேன். எங்கள் அணியில் தடுப்பு ஆட்டக்காரனாக, பேக்காக ஆடும் சோணைமுத்து ஒருநாள், "அண்ணே, ஜி.டி.ன்னா என்னண்ணே?" என்று கேட்டான். "அது ஆபீஸ் விவகாரம். நீ பந்தப் பாருடா" என்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கேப்டனாம் கேப்டன்.

முத்துக்கருப்பன் பலகையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். இரண்டு பேர் மனதிலும் ஓடியது அந்த ஒரு பெனால்டிதான்.

கடைசி ஆட்டம் நாகமலை அடிவாரத்து ஊர் அணியோடு. என் தங்கை இருளாயியைக் கட்டிக் கொடுத்த ஊர் அது. அவள் புருஷன் கருத்தக்கண்ணன்தான் அவர்களுடைய கோல் கீப்பர். இடைவேளைக்குள் மூன்று கோல் போட்டுவிட்டோம். திரும்பிப் பார்த்தால் சம்பந்தக்காரர் வீட்டுப் பெரிய ஆட்கள் எல்லாம் மைதானத்து ஓரம் துண்டை உதறித் தோளில் போட்டபடி நிற்கிறார்கள். பெண் கொடுத்த இடத்தில் அவர்களைத் தலைகுனிய வைக்கலாமா? நாளைக்கு ஒரு விசேஷம் என்றால் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் பந்தியில் உட்காருவது? "போதும்டா, இனிமே சும்மா உருட்டுங்க" என்று எங்கள் ஆட்களிடம் சொன்னேன்.

சொன்னபடியே உருட்டினார்கள். கடைசி ஐந்து நிமிஷம் இருக்கும்போது முத்துக்கருப்பன் பெனால்டி கட்டத்துக்குள் பந்தை வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். கருத்தக்கண்ணன் பாய்ந்து வந்து, பந்தை விட்டுவிட்டு அவன் காலைப் பிடித்து இழுத்தார். ரெப்ரி விசில் ஊதினார், பெனால்டி. மாப்பிள்ளைக்குப் பதற்றம் என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். முத்துக்கருப்பன் பந்தை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவன் வேலிக்கு வெளியே அடித்தான். பெரிய மனுஷத்தனம் செய்துவிட்டதாக அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

ஆபீசிலிருந்து காளவாசல் வரை சைக்கிளை மிதித்து வந்தோம். டீக்கடையில் கருத்தக்கண்ணன் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். முகம் சரியில்லை. மூன்று டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நானும் ஆபீசுக்குத்தான் கிளம்புனேன் மச்சான். கப்பு செல்லூருக்குப் போயிருச்சாமே, நெசமா?"

"நெசந்தான் மாப்ள. ஒரு கோலு."

"அந்த ஒரு கோலுக்குத்தான மச்சான் அவரு காலப் பிடிச்சு இழுத்தேன்."

எனக்குப் புரியவில்லை. "என்ன சொல்றீங்க?" என்றேன்.

"நாங்கதான் எப்பவோ தோத்து வெளிய வந்துட்டமே. எங்களுக்கு மூணு வாங்குனா என்ன, நாலு வாங்குனா என்ன. ஒங்களுக்கு ஜி.டி.யில நாலு கொறையுதுன்னு பலகையப் பாத்துட்டுத்தான் வந்தேன். மூணு போட்டுட்டீங்க, ஒண்ணுதான் பாக்கி. அவருக்கு வேலை கெடைக்கணும்னு இருளாயியும் சொல்லிவிட்டா. ரெண்டாவது பாதி பூரா ஒதுங்கி ஒதுங்கி நிக்கிறேன், ஒருத்தரும் அடிக்க மாட்டேங்கிறீங்க. வேற வழியில்லாம பெனால்டி குடுத்தேன். அவரு அடிக்க முந்தியே இடது பக்கம் விழுந்துட்டேன். வலது பக்கம் பூராத் தெறந்து கெடக்கு. எதுக்கு மச்சான் வேலிக்கு அடிச்சீங்க?"



"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாப்ள" என்றேன்.

"எங்க ஊர் ஆளுக முன்னாடி எப்படிச் சொல்ல? அதுவும்போக நீங்க கேப்டன். ஒங்களுக்குத் தெரியாம இருக்கும்னு நான் கனவா கண்டேன்?"

முத்துக்கருப்பன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் குடிக்காத டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தான்.

"கடை தெறக்க நேரமாச்சு பங்காளி. வாரேன்" என்றான்.