வெளிக்கிடும்போது சொல்லும் சொல்

சிட்னியின் டூங்கபியில் இரஞ்சிதம் தன் மகளின் கலியாணத்துக்காக வீட்டுக்குள்ளேயே ஒரு போர் நடத்தினாள். எதிரி வேறு யாருமில்லை, கட்டின புருசன் தேவராஜாதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கவென்று 2010இல் ஜப்பானுக்குப் போன மகள் மிருணாளினி, மொமொசாவா என்ற பட்டிக்காட்டில் பீச் பழத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பொடியனிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டாள். பெயர் யூஜி. செய்தி கேட்ட நாளிலிருந்து தேவராஜா தலைகீழாக நின்றார். கோயில் சபையில் எந்த முகத்தோடு போய் இருப்பது என்பதுதான் அவருடைய பெரிய கவலை. மகள் சந்தோசமாக இருப்பாளா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரஞ்சிதம் விட்டுக்கொடுக்கவில்லை. மகள் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்: முருகன் கோயிலில் தாலி, பிறகு இரண்டு பேருக்கும் சிட்னியிலேயே குடித்தனம். அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அழுதும், சமைக்காமல் விட்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் புருசனை ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்தாள். பின்வளவில் அவர்களுக்கென்று சின்ன வீடொன்று கட்ட ஆளைக் கூப்பிட்டு அளந்தும் பார்த்தாயிற்று. குசினி கிழக்குப் பக்கம் வரவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

2012 ஆடியில் சம்பந்தி வீட்டைப் பார்க்கப் புருசனும் பெண்சாதியும் மொமொசாவாவுக்குப் போனார்கள். சுற்றிவர மலை, நடுவில் மரங்கள், மரத்தில் ஒவ்வொரு காய்க்கும் கடதாசிப் பை. "பழத்துக்கும் சட்டை போட்டு வளர்க்கிறாங்கள், இரஞ்சி!" என்று தேவராஜா சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். யூஜியின் தகப்பனுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. இவருக்கு ஜப்பான் பாசை மருந்துக்கும் வராது. ஆனாலும் இரண்டு கிழங்களும் பின்னேரமானால் கோப்பையும் கையுமாகக் குந்தியிருந்து முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பார்க்கப் பார்க்க இரஞ்சிதத்துக்கு வாயெல்லாம் பல். இந்த மனுசனைத் திருத்தியது தன் கெட்டித்தனம் என்றே நினைத்தாள்.

மிருணாளினி வெளியே போகும்போதெல்லாம் வாசலில் நின்று சப்பாத்தைப் போட்டபடி "இத்தெகிமாஸ்" என்று உள்ளே பார்த்துச் சொல்வாள். உள்ளேயிருந்து யூஜியின் தாய் சந்தோசமாக ஏதோ பதில் கொடுப்பாள். கேட்க வடிவாக இருந்தது. புறப்படும் நாள் காலையில், பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த யூஜியிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று இரஞ்சிதம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று அர்த்தம், அன்ரி," என்றான் அவன். 'அன்ரி' மட்டும் மிருணாளினி பழக்கிவிட்டது.

இரஞ்சிதத்துக்கு உடம்பு புல்லரித்தது. "அட, எங்கட போட்டு வாறன்!" என்று தமிழிலேயே கத்திவிட்டாள். யாழ்ப்பாணத்திலும் சரி சிட்னியிலும் சரி, எந்த வீட்டுக்குப் போனாலும் படியிறங்கும்போது தமிழன் சொல்கிற சொல் அல்லவா? இன்றைக்குத் தானும் அவன் தாயிடம் அதையே சொல்லப்போவதாக அறிவித்தாள்.

யூஜி கூச்சத்தோடு சிரித்தான். விருந்தாளிகள் அதைச் சொல்வதில்லை என்றான். வந்தவர்கள், உங்களுக்குத் தொந்தரவு தந்துவிட்டோம் என்று சொல்லித்தான் விடைபெறுவார்களாம். "இத்தெகிமாஸ்" அந்த வீட்டிலேயே இருப்பவர்கள் சொல்வது.

"அப்ப மிருணா ஏன் சொல்கிறாள்?"

"அவள் இந்த வீட்டு ஆள்தானே. அப்பாவுக்கு இனிக் குனிய முடியாது. கலியாணத்துக்குப் பிறகு தோட்டத்தை நாங்கள் இரண்டு பேரும்தான் பார்க்கப்போகிறோம்." அப்போதுதான் அவள் முகத்தைக் கவனித்தான். ஈயாடவில்லை. "அங்கிளுக்கு வந்த அன்றைக்கே சொன்னோமே. தானே உங்களுக்குச் சொல்வதாக அவர் சொன்னார்."

இரஞ்சிதம் நேரே தோட்டத்துக்குப் போனாள். மரத்தடியில் தொப்பியும் கைமூடியுமாக நின்ற மகளைப் பிடித்து, "சிட்னிக்கு வாறதெண்டு சொன்னனியெல்லே?" என்றாள்.

மிருணாளினி கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்தாள். "I was going to tell you, அம்மா. நீங்க அழுவீங்க எண்டுதான்..."

"கொப்பருக்கு மட்டும் ஏன் சொன்னனீ? உனக்காக அவரோட மல்லுக்கட்டினது நானடி!"

"He shouts, and then it's over. நீங்க அப்பிடியில்லை அம்மா. நீங்க விடமாட்டீங்க."

இத்தனை நாள் போரில் வாங்காத அடியை இரஞ்சிதம் அந்த மரத்தடியில் வாங்கினாள். திரும்பி நடந்தாள்.

வாசலில் யூஜியின் வீட்டார் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். குற்றவாளி தேவராஜா, ஒன்றும் நடக்காதது போல, "அப்ப போட்டு வாறம்!" என்று தமிழிலேயே முழங்கிவிட்டுச் சம்பந்தியின் கையைக் குலுக்கினார். எல்லோரும் இரஞ்சிதத்தைப் பார்த்தார்கள். அவள் நிலத்தைப் பார்த்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வெளியே இறங்கினாள்.

செத்த வீட்டிலிருந்து அப்படித்தான் புறப்படுவது. அங்கே ஒருவரும் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவதில்லை. யூஜியின் தாய்க்கு அது எங்கே தெரியும்? துக்கத்தில் பேச்சு வரவில்லையாக்கும் என்று எண்ணி, பாவம், இன்னும் குனிந்து வணங்கினாள். வெஸ்ற்மீட் ஆசுபத்திரியில் பிறந்து சிட்னியிலேயே வளர்ந்த மகளுக்கும் விளங்காது என்றே இரஞ்சிதம் நினைத்தாள். தன் நெருப்பு, தனக்கு மட்டும்.

ஆனால் மிருணாளினிக்குத் தெரிந்திருந்தது. லிட்கத்தில் விக்னராஜா அங்கிள் செத்த அன்று, அவர் மனைவி பவளம் அன்ரியிடம் "போட்டு வாறன்" என்று சொன்னதற்குத் தாயிடம் கையில் நுள்ளு வாங்கியவள் அவள்.

கார்க் கதவடியில் ஓடிவந்து நின்றாள். "அம்மா, இது செத்த வீடில்லை. ஒருக்காச் சொல்லிப்போட்டு வெளிக்கிடுங்கோ," என்றாள். ஒரு ஆங்கிலச் சொல் கலக்கவில்லை. கண் நிறைந்திருந்தது.

இரஞ்சிதத்துக்கு அந்தக் கண்ணைத் துடைத்துவிட வேண்டும்போல இருந்தது. துடைக்கவில்லை. மகளும் வழியனுப்ப வந்த ரயில் நிலையத்தில் வேண்டிய அளவு நேரம் இருந்தது. அங்கேயும் அவள் வாய் திறக்கவில்லை. என்னிடம் மறைத்தவள் தானே ஓடி வரட்டும், சிட்னிக்கு வந்து காலில் விழட்டும் என்று வீம்பு பிடித்தது மனது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவராஜாவின் போன் அடித்தது. நெடுநேரம் விறாந்தையில் நின்று கதைத்துவிட்டுக் குசினிக்கு வந்தார். இரஞ்சிதம் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மிருணாவுக்குக் கலியாண எழுத்து முடிஞ்சுதாம். அங்கையே. கோயிலுக்கு வரேல்லையாம்."

"என்னட்டைத் தாங்கோ. நான் கதைக்கிறன்."

"வைச்சிட்டாள்."

இரஞ்சிதம் கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கு ஏதும் சொன்னவளோ?"

தேவராஜா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை.

"எனக்கு, 'வாறன் அப்பா' எண்டு சொன்னவள். உமக்கு ஒண்டும் சொல்லேல்லை."