சிம் இல்லாத நம்பர்

சிங்காரவேலு யாரையும் லேசில் நம்ப மாட்டார். பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கிற சீட்டைக்கூட எழுத்துக் கூட்டி ஊர்ப்பேர் பார்த்த பிறகுதான் மடித்து வைப்பார். மூணாங்கிளாசோடு நின்ற படிப்பு. அதற்குமேல் படித்திருந்தால் இன்னும் எத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருப்பாரோ என்று அவர் பெண்டாட்டி ராசாத்தி சொல்லிச் சிரிப்பாள்.

திருமானூருக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி வீடு. பிள்ளைகள் இல்லை. ஆடுகள் இருந்தன. ஆற்றுக்கு நடுவில் கோரையும் நாணலும் மண்டிய ஒரு திட்டு உண்டு. கோடையிலும் அங்கே பச்சை காயாது. கணுக்கால் தண்ணீரில் ஆடுகளை இறக்கி ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயுமட்டும் கவலையில்லாமல் மேயும். ஒரே ஒரு கவலைதான். மேலே அணையில் கதவைத் திறந்துவிட்டால் திட்டைச் சுற்றித் தண்ணீர் ஏறிவிடும். இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும், ஒரு பொட்டு மழை இருக்காது. ஆற்றில் மட்டும் சத்தமில்லாமல் தண்ணீர் வரும். அதில் மாட்டினால் ஆடும் போகும், ஆளும் போகும்.

அந்தச் சேதியை முன்கூட்டியே சொல்வதற்குத்தான் அந்த நம்பர் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணாதுரை ஏதோ கூட்டத்துக்குப் போனவன், கரையோரம் இருக்கிற எல்லார் பேரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அதில் சிங்காரவேலு நம்பரும் போய்விட்டது.

“பெரம்பலூர்ல வேணின்னு ஒரு பொண்ணு, மாமா. கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கு. அணையில தண்ணி தொறந்தா அது ஒரே தட்டுல அம்புட்டு பேருக்கும் மெசேஜ் போட்டுரும். இன்டர்நெட் நம்பர். சிம்மே கெடையாது.”

“சிம்மு இல்லாம நம்பரா? தாய் இல்லாம புள்ளையா? போடா.”

அண்ணாதுரை போய்விட்டான். நம்பர் போகவில்லை.

சிங்காரவேலு வைத்திருந்தது பட்டன் போன். மெசேஜ் வந்தால் அதில் ஒரு குழந்தை கெக்கெக்கென்று சிரிக்கும். வாங்கும்போதே அதில் இருந்த சத்தம் அது; மாற்றத் தெரியாது, விட்டுவிட்டார். சிரித்தவுடன் எடுத்துப் பார்ப்பார். பூச்சியத்தில் ஆரம்பிக்கிற நம்பர். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பாதியில் பொறுமை போய்விடும். உடனே அந்த நம்பருக்கே போன் போடுவார். இரண்டு மணி அடித்து, ஒரு பொம்பளை இங்கிலீஷில் ஏதோ சொல்லுவாள். கடைசியில் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள். அது இவருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

“ஏய், யாருடி நீ? ஒழுங்கா பேரச் சொல்லு. ஓடிபி கேட்டு அண்ணாதுரை மச்சான ஏமாத்துன கும்பல்தான நீயி? எங்கிட்ட நடக்காது. சிம்மில்லாத சிறுக்கி, வையி போன.”

வைப்பது இவர்தான். ஆனாலும் அப்படித்தான் சொல்லுவார். பத்து வீட்டுக்குக் கேட்கும்.

“அது தண்ணி சேதி சொல்ற நம்பராம்ல. அதைப் போயி வையிறியே” என்பாள் ராசாத்தி.

“தண்ணி சேதிம்பான், அப்பறம் தண்ணி வரின்னு ஒண்ணு கேப்பான். ஒனக்கு என்னா தெரியும்.”

ஆடி மாசத்தில் தண்ணீர் அடிக்கடி திறந்தார்கள். சேதிக்கு மேல் சேதி. அது போதாதென்று, சேதி கிடைத்தவர்கள் ‘சரிங்க’, ‘நன்றிக்கா’, ‘எங்கூர்ல நல்ல வெயில்’ என்று பதில் போட ஆரம்பித்தார்கள். என்ன கோளாறோ, ஒருத்தர் போட்ட பதில் அதே நம்பரில் எல்லாருடைய போனுக்கும் வந்து விழுந்தது. சிங்காரவேலு மடியில் குழந்தை ஓயாமல் சிரித்தது.

அந்தச் சமயம் பார்த்துக் கீழப்பழுவூரில் அவருடைய பங்காளி சிவசுப்பிரமணியன் செத்துப்போனார். சிங்காரவேலு மாலையோடு போய் நின்றார். பிணத்தின் தலைமாட்டில் செத்தவர் பெண்டாட்டி, “என்னைய விட்டுட்டுப் போயிட்டியே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். இவர் மடியில் குழந்தை கெக்கெக்கென்றது. அழுதவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இவர் போனை வேட்டியோடு சேர்த்து அமுக்கினார். அது மறுபடியும் சிரித்தது. பறை அடிக்கிறவர்கள்கூட ஒரு நொடி கையை நிறுத்திவிட்டார்கள். செத்தவரோடு வரப்புத் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும். இனி என்ன சொல்லி என்ன.

திரும்பும் வழியில் நேரே திருமானூர் கடைத்தெருவில் ஹபிபுல்லாவின் மொபைல் கடையில் இறங்கினார். ஹபிபுல்லா லப்பைக்குடிகாட்டுக்காரர், பல வருசமாக இங்கே கடை.

“பாய், இந்தப் பூச்சிய நம்பரு வந்தா இது வாயத் தொறக்கக் கூடாது. என்னா செய்வியோ செய்யி.”

“மாமா, இது தண்ணி சேதி வர்ற நம்பருல்ல. இதப் போயி ஊமையாக்கச் சொல்றீங்களே. சிரிப்ப மாத்திட்டு வேற சத்தம் வச்சுத் தரேன்.”

“சத்தமே வேணாம்ங்குறேன். தண்ணி வந்தா என் கண்ணுக்குத் தெரியும்.”

“கண்ணுக்குத் தெரியறப்ப கழுத்துக்கு வந்துருக்கும் மாமா.”

“நீ கடைக்காரனா, சோசியக்காரனா?”

ஹபிபுல்லா அந்த நம்பருக்கு மட்டும் சத்தத்தை நிறுத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து சேதி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிங்காரவேலு திட்டுவதும் நின்றது. வீட்டில் நிம்மதி என்று ராசாத்தியும் நினைத்துக்கொண்டாள்.

ஆவணியில் ஒருநாள் அவர் காலில் வேலிக்கருவை முள் ஏறிப் பாதம் வீங்கிப்போனது. வழக்கமாகத் திட்டுக்கு அவர்தான் ஆடு ஓட்டுவார். அன்றைக்கு ராசாத்தி, தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு தானே ஓட்டிப் போனாள். ஆறு தெளிந்து, அடிமணல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. இவர் வாசல் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, காலை ஒரு மூட்டைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார்.

உச்சிப்பொழுதில் போன் மணி அடித்தது. மெசேஜ் இல்லை, போன். ஒன்பதில் ஆரம்பிக்கிற நம்பர். எடுத்தார்.

“ஐயா, சிங்காரவேலு ஐயாங்களா?”

“நீ யாரு, மொதல்ல அதச் சொல்லு.”

“இன்னிக்கி ஏங்கய்யா என்னையத் திட்டல?”

சிங்காரவேலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்படி ஒரு கேள்வியை அவர் ஆயுசில் யாரும் கேட்டதில்லை.

“யாரு புள்ள நீ?”

“வேணிங்க. பெரம்பலூரு. தண்ணி மெசேஜ் போடுறது நான்தான். காலையிலயே போட்டேன். மெசேஜ் போனா மொத ஆளா நீங்கதான் போன் போட்டுத் திட்டுவீங்க, அது இங்க பதிவாயிரும். இன்னிக்கி வரவே இல்ல. ரெண்டு மூணு தடவையா இப்பிடித்தான் இருக்கு, அதான் மனசு கேக்கல. தண்ணி நெறையாத் தொறந்துருக்காங்கய்யா. இந்நேரம் ஒங்க பக்கம் வந்துரும். ஆத்துல யாரும் இல்லைல்ல?”

இவர் எழுந்து உட்கார்ந்தார். ஆனாலும் புத்தி போகுமா.

“நீதான் அந்தப் பொண்ணுன்னு நான் எப்பிடி நம்புறது? பேச்சுக் குடுத்துக்கிட்டே ஓடிபி கேப்ப.”

“சிம்மில்லாத சிறுக்கின்னு நீங்க திட்டுனது ஒங்களுக்கும் எனக்கும்தானய்யா தெரியும்.”

பத்து வீட்டுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கை எல்லாம் அவர் பார்க்கவில்லை. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு கரைக்கு ஓடினார். வீங்கின பாதம் எந்த இடத்தில் பட்டது, எந்த இடத்தில் படவில்லை என்று அவருக்கே தெரியாது.

கரைமேல் ஏறிப் பார்த்தார். ஆறு பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தது. ஆனால் தெளிவு போய்விட்டது. செம்மண் நிறத்தில் நுரையும் சருகும் மிதந்து வந்தன. ராசாத்தி திட்டில் அந்தக் கோடியில், முதுகைக் காட்டிக் குனிந்து கோரை அறுத்துக்கொண்டிருந்தாள்.

“ராசாத்தி” என்று கத்தினார். காற்று எதிர்க்காற்று. அவள் திரும்பவில்லை. மறுபடியும் கத்தினார், தொண்டை கம்மிவிட்டது. பிறகு வாயைக் குவித்து, ஆடுகளைக் கூப்பிடுகிற மாதிரி ‘ப்ரூ... பா, பா’ என்று நீட்டிக் கூப்பிட்டார். ஆடுகள் அத்தனையும் தலையைத் தூக்கிக் கரைப்பக்கம் பார்த்தன. முன்னால் நின்ற கிடா கத்தியது. அப்புறம்தான் ராசாத்தி நிமிர்ந்தாள்.

இவர் அதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டார். கணுக்கால் ஆழம் இருக்கிற இடம். இப்போது முழங்காலைத் தொட்டது.

“கால வச்சுக்கிட்டு எங்க வர்ற நீ?” என்றாள் அங்கிருந்தபடியே.

“தண்ணி வருது. எல்லாத்தயும் போட்டுட்டுக் கெளம்பு.”

“யாரு சொன்னா?”

“போன்ல ஒரு பொண்ணு சொன்னுச்சு.”

“போன்ல சொன்னத நீ நம்புனியா?” அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “தண்ணியவிட அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

“வாய மூடிக்கிட்டு வாடி.”

கிடாவின் கொம்பைப் பிடித்து இவர் இழுக்க, மற்றதெல்லாம் பின்னாலேயே இறங்கின. ராசாத்தி ஒரு குட்டியை மடியில் கட்டி, இன்னொன்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். நடு வாய்க்காலில் தண்ணீர் தொடைக்கு வந்து கம்பை இழுத்தது. ஒரு ஆடு கால் நழுவிச் சாய்ந்தது. ராசாத்தி அதன் காதைப் பிடித்துத் தூக்கி முன்னால் தள்ளினாள். “போ, போ, ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா அங்க இருக்கு, திரும்பித் திரும்பிப் பாக்குற” என்று வைதுகொண்டே வந்தாள். வைதது ஆட்டையா இவரையா என்று தெரியவில்லை.

கரை ஏறி ஆடுகளை எண்ணி முடித்தார்கள். ஒன்றும் குறையவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே திட்டு சிறுத்தது. அறுத்துப் போட்ட கோரைக் கட்டு மிதந்தது. தூக்குவாளி கவிழ்ந்து சுற்றிக்கொண்டே கிழக்கே போயிற்று. கொஞ்ச நேரத்தில் நாணல் நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. ராசாத்தி ஈரச் சேலையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நீச்சல் தெரியாதவள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆகி இத்தனை வருசத்தில் வெளியிடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. அவளும் விடச் சொல்லவில்லை.

கால் வீக்கம் வடிந்ததும், “பெரம்பலூர் போயிட்டு வருவோம்” என்றார்.

“வெறுங்கையோடயா?” என்றாள் ராசாத்தி. இருக்கிறதில் நல்ல பெட்டைக்குட்டியாக ஒன்றைப் பிடித்து, பழைய துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். திருமானூரில் ஏறி, அரியலூரில் மாறி, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். குட்டி வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது.

கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் இருந்தது. சின்ன அறை. வேணி ஒல்லியாக, கண்ணாடி போட்டு, யாருக்கோ ஜாதிச் சான்றிதழுக்குப் பதிந்துகொண்டிருந்தாள். ஆட்டுக்குட்டியைப் பார்த்ததும் எழுந்தாள்.

“சிங்காரவேலு ஐயாங்களா?”

“எப்பிடிக் கண்டுபுடிச்ச?”

“கொரல்தாங்க. படியேறும்போதே யாரையோ திட்டிக்கிட்டு வந்தீங்களே.”

“படி செங்குத்தாக் கட்டிருக்கான்.”

ராசாத்தி அவள் கன்னத்தைத் தொட்டு, விரலை மடக்கித் தன் நெற்றியில் வைத்துச் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள். வேணி நாற்காலி போட்டு, டீ சொன்னாள்.

“எனக்கு ஒண்ணு புரியல” என்றார் இவர். “அம்புட்டு பேருக்கு அனுப்புற. அம்புட்டு பேரும் பதில் போடுறான். அதுல நான் திட்டாதது ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?”

“ஆடி மாசம் பூரா இந்தக் கம்ப்யூட்டர் டிங்கு டிங்குன்னே கெடந்துச்சுங்க. வேல பாக்க முடியல. அதனால எல்லாத்துக்கும் சத்தத்த நிறுத்திட்டேன். ஒங்க ஒருத்தர் போனுக்கு மட்டும் வச்சிருந்தேன்.”

“எதுக்கு? திட்டுறதக் கேக்கவா?”

“மத்தவங்க பாத்தும் பாக்காம சரிங்கன்னு போட்டுருவாங்க. நீங்க திட்டுனா படுகைக்குச் சேதி நெசமாவே போயிருச்சுன்னு அர்த்தம். எங்கம்மாவுக்கு அந்தப் பக்கந்தான். எங்க மாமா மாடு ஓட்டப் போயி, தண்ணியில போனவரு. அவருக்கு யாரும் சொல்லல.”

டீ வந்தது. சிங்காரவேலு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குப் பேசத் தெரியாது, தாயி. தண்ணி ஆட்டக் கொண்டுபோயிருந்தா அழுதுட்டு வுட்டுருப்பேன். இவளக் கொண்டுபோயிருந்தா நான் கெடந்து நாறிப் போயிருப்பேன். நீ கேட்ட ஒத்த வார்த்தையில எனக்கு வூடு நிக்குது.”

ராசாத்தி குட்டியை நீட்டினாள். வேணி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தடவினாள், பிறகு சிரித்துவிட்டாள்.

“அம்மா, நான் மாடி வீட்டுல வாடகைக்கு இருக்கேன். இத எங்க கட்டுவேன்? ஹவுஸ் ஓனரு என்னையும் சேத்து வெளிய தள்ளிருவாரு.”

ராசாத்திக்கு முகம் விழுந்துவிட்டது. கொடுத்ததைத் திரும்ப எப்படி வாங்குவது. சிங்காரவேலு கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார்.

“வாங்கிட்டல்ல? ஆடு ஒன்னுது. நீ எங்ககிட்ட வாரத்துக்கு விடு.”

“வாரமுன்னா?”

“ஆட்டுக்காரன் ஆடு கொடுப்பான், மேய்க்கிறவன் வளப்பான். போடுற குட்டியில ஆளுக்குப் பாதி. நம்ம பக்கத்துல அதான் வழக்கம். நீ ஆட்டுக்காரி. நாங்க ஒன் வாரக்காரங்க. ஏமாத்த மாட்டோம். நம்புனா விடு.”

நம்பினால் விடு என்று ஒருத்தரிடம் கேட்கிற நிலைமை அவருக்கு அதுவரை வந்ததில்லை. வேணி குட்டியின் தலையை இன்னொரு தரம் தடவி, ராசாத்தி கையில் கொடுத்தாள். “நல்லா வளத்துக் குடுங்க” என்றாள், உண்மையான ஆட்டுக்காரி மாதிரியே.

திரும்பும்போது அரியலூர் பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் பொடியன் குட்டியைப் பார்த்து முறைத்தான்.

“யாருது பெருசு இந்த ஆடு? லக்கேஜ் போடணும்.”

“பெரம்பலூர்ல ஒரு பொண்ணு இருக்கு, அதோடது” என்றார் சிங்காரவேலு. “நாங்க வாரத்துக்கு வளக்கிறவங்க. போடு, எவ்வளவோ குடுக்குறோம்.”

கண்டக்டர் கொடுத்த சீட்டை வாங்கி, படித்துப் பார்க்காமல் ராசாத்தியிடம் நீட்டினார்.