உவர்மாறனின் முகம்

மூக்கையா யாரையும் நம்பியவரில்லை. "ஒங்க மக போட்ட படத்தையெல்லாம் சீட்டா அடிச்சு, லீவுக்கு ராமேஸ்வரம் கடைகள்ல விப்போம்" என்று அச்சாபீஸ் காதர் மைதீன் சொல்லியனுப்பியபோதும் நம்பவில்லை.

"ஓசியில வாங்கி ஏமாத்திப்புடுவாரு. பாத்துக்க."

"நீங்க மேகத்தையே நம்ப மாட்டீக அய்யா" என்று சிரித்தாள் மகள் ராமலெட்சுமி.

அவள் அந்த அச்சாபீஸில் அட்டை ஒட்டுகிறவள். வெட்டிப்போட்ட கல்யாணப் பத்திரிகை அட்டைகளைக் கொண்டுவந்து, பிள்ளைகள் ஆடும் ட்ரம்ப் கார்டு மாதிரி தானே சீட்டு செய்தாள். கடைச் சீட்டில் மல்யுத்தக்காரன் படம் இருக்கும் இடத்தில் அவள் மனசில் பிறந்த ஆட்கள். கருவேல முள்ளைக் கிரீடமாக வைத்த முள்ளரசி. வலை அறுக்கும் பாசிக்கண்ணி. உப்புப் பூத்த நிலத்துக்கு ராசா உவர்மாறன். ஒவ்வொருவருக்கும் கீழே உயரம், பலம், கோபம் என்று எண்கள். பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாமென்று போன பிறகு, அவள் முகம் தெளிந்தது அந்தச் சீட்டுகளால்தான்.

உவர்மாறனுக்குப் புருவத்தில் வெட்டு, முன்பல்லில் பாதி இல்லை. கோபம் நூற்றுக்கு நூறு. மூக்கையா பார்த்துவிட்டுத் தன் பாதிப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டார். தன் மூஞ்சி தனக்குத் தெரியாதா?

கேடு ஒரு மாட்டால் வந்தது. தெருப்பிள்ளைகளுக்கு ஆடிப்பார்க்கக் கொடுத்ததில் உவர்மாறன் சீட்டு காற்றில் பறந்து பக்கத்து வீட்டுத் தவசியின் மாட்டுத்தொழுவில் விழுந்தது. கன்று போட முடியாமல் கதறிய மாடு, தவசி குனிந்து சீட்டை எடுத்த நேரம் ஈன்றுவிட்டது. அந்த முழியையும் மீசையையும் பார்த்து, முனியய்யாவே வந்துவிட்டார் என்று தவசி சூடம் கொளுத்தி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். பொழுது சாய்வதற்குள் ஊரே வந்து விழுந்தது.

மறுநாள் காலை வாசலில் கூட்டம். ஊர்த்தலைவர் மருதுபாண்டி முன்னால் நின்றார்.

"சாமியச் சீட்டாக்கித் தரையில அடிச்சு ஆட விட்டிருக்கா ஒம் மக. மிச்சத்தையும் எடு. தேவிபட்டினம் கடல்ல விட்டுரணும்."

"கூறுகெட்டவனுகளா, அது என் மூஞ்சிடா! பல்லப் பாரு!" மூக்கையா வாயைத் திறந்து காட்டினார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். தவசி சிரிக்கவில்லை. விழுந்து கும்பிட்டவன் அல்லவா.

"எங்க கன்னுக்குட்டிய நீதான் பொறக்க வச்சியோ?" மூக்கையாவின் கழுத்துத் துண்டைப் பிடித்து முறுக்கினான். "சாமியத் தன் மூஞ்சிங்கிறான், நாக்கு அழுகிரும்டா ஒனக்கு."

"வரஞ்சவளையே கேப்போம்" என்றார் மருதுபாண்டி. "ஏத்தா, உள்ளதச் சொல்லு. யாரு அது?"

உண்மையைச் சொல்லு என்று கத்தப் பார்த்தார் மூக்கையா. துண்டு இறுகியது. குரல் வரவில்லை. அவர் கண் பிதுங்குவதை ராமலெட்சுமி பார்த்தாள்.

"சாமிதான்" என்றாள். "தெரியாம வரஞ்சுட்டேன்."

தவசியின் பிடி விட்டது. அவளே உள்ளே போய், முள்ளரசி, பாசிக்கண்ணி எல்லாரையும் கட்டோடு எடுத்துவந்து கொடுத்தாள்.

"ஏன் பொய் சொன்ன?" என்று அன்று ராத்திரி சோற்றின் முன் உட்கார்ந்து கேட்டார் மூக்கையா.

அவள் குழம்பை ஊற்றினாள். "திங்கிறதுக்கு உசுரு இருக்குல்ல. தின்னுங்க."

காதர் மைதீன் திரும்பவும் ஆள் விட்டார். புதுசாக வரையட்டும், எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன் என்றார். மனிதர் ஏமாற்றுகிறவர் இல்லைதான் போல. அவள் அட்டை ஒட்டப் போகிறாள், வருகிறாள். பென்சிலைத் தொடவில்லை.

உவர்மாறனை மட்டும் கண்ணாடி போட்டு ஊருணிக் கரை வேம்பில் மாட்டிவிட்டார்கள். கோபம் நூறு என்ற எழுத்தைக் குங்குமம் மூடிவிட்டது. வயலுக்கு வேறு வழி கிடையாது. கூட வருகிறவர்கள் அங்கே செருப்பைக் கழற்றும்போது மூக்கையாவும் கழற்றுகிறார்.