பெரியம்மாவிடம் சொல்லுங்கள்

குழந்தைகளைக் குதிரையோடு பழகவிட்டுத் தேற்றும் அந்த லாயத்தில் ஒரே ஒரு சட்டம்தான். பயந்து ஒடுங்கிய குழந்தைகளிடம் யாரும் எதையும் நேராகக் கேட்கக் கூடாது. சொல்ல வேண்டியதைக் குதிரையிடம் சொல்ல வேண்டும். குழந்தை மறுபக்கம் நின்று குதிரைக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருக்கும். காதில் விழுந்தால் விழட்டும். பதில் வந்தால் அதுவும் குதிரைக்கே.

குதிரை, வயதான சாம்பல் நிறப் பெட்டை. எல்லோருக்கும் அவள் பெரியம்மா.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அது பெரியவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஒருவருக்கொருவர் முகங்கொடுத்துப் பேசாத சமையல்காரரும் காவலாளியும் பெரியம்மாவின் காதுகளை ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். லாடம் அடிப்பவர் தன் மாமியாரைப் பற்றி அரை மணி நேரம் சொல்லிவிட்டு, மனம் லேசாகி, லாடம் அடிக்காமலே போய்விட்டார். வெளியாட்களும் வரத் தொடங்கியதால் வாசலில் பெஞ்சு போட்டு டோக்கன் கொடுக்க வேண்டியதாயிற்று.

மகளைக் கூட்டிவந்த அப்பாவுக்கு அன்று ஏழாம் எண்.

அவர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி எட்டு மாதம். காலில் போட்ட கட்டைப் பிரித்த பிறகும் மகள் அவரிடம் வாய் திறக்கவில்லை. அம்மாவிடம் பேசினாள், பக்கத்து வீட்டுப் பூனையிடம்கூடப் பேசினாள். அவர் உள்ளே வந்தால் வாய்க்குப் பூட்டு. அவர் போலீசிடமும் மனைவியிடமும் பிரேக் பிடிக்கவில்லை என்றே சொல்லியிருந்தார். சொல்லிச் சொல்லி அவரே பாதி நம்பியிருந்தார்.

எட்டாம் எண் தபால்காரர் அவரைச் சுருக்கமாக முடிக்கச் சொன்னார். தன் தம்பி கதை கொஞ்சம் நீளமாம்.

உள்ளே, குதிரையின் வயிற்றுக்குக் கீழே மகளின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அப்பா வழக்கம்போல் வெயிலில் ஆரம்பித்தார். குழந்தைகளுக்குத் துணையாக இருக்கும் அக்கா, வாளியைக் கழுவியபடியே குதிரையிடம் சொன்னாள்:

“பெரியம்மா, இவர் மூணு வாரமா வெயிலப் பத்தியே பேசறார். நீ பாக்காத வெயிலா?”

அவர் குதிரையின் பிடரியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டார்.

“பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, பெரியம்மா. நான் தூங்கிட்டேன்.”

பிரஷ் நின்றது. பெரியம்மா நிதானமாகச் சாணி போட்டாள். அது முடியும்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

மறுபக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“பெரியம்மா, அப்பா தூங்கினத நான் கண்ணாடியில பாத்தேன். பாவம், அசதியா இருக்காரு, கொஞ்ச நேரம் தூங்கட்டும்னு விட்டுட்டேன். நான்தான் எழுப்பல.”

எட்டு மாதமாகத் தன் மேல் கோபம் என்று அவர் எண்ணியிருந்த மௌனத்துக்குள் இப்படி ஒன்றா உட்கார்ந்திருந்தது? அதற்கு மறுமொழி சொல்ல வாயைத் திறந்தார். குதிரையின் காதில் சொல்கிற மறுமொழியாக அது இல்லை. கிடுகிடுவென்று வால் பக்கமாக நடந்தார்.

“பின்னாடி வராதப்பா, உதைச்சிடுவா,” என்றாள் மகள், அவர் முகத்தைப் பார்த்தே. “முன்னாடி சுத்தி வா.”

சட்டப்படி அது குற்றம். அக்கா, கழுவின வாளியையே எடுத்துக்கொண்டு மறுபடியும் கழுவப் போனாள்.

அவர் முன்னால் சுற்றிப் போனார்.